இடது பக்கம்

எண்ணூர் ஹைவேயில் பதினோரு வருஷம்
நான் ஒரு இடது கண்.
டிரெய்லர் கேபினில் ஜன்னலோரம் உட்கார்ந்து
தலையை வெளியே நீட்டி
கதவின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவேன்.
ஒரு தட்டு: போகலாம்.
ரெண்டு தட்டு: நில்லு.
மூணு தட்டும் ஒரு கெட்ட வார்த்தையும்: சைக்கிள்.

டிரைவர் ஏசுபாதம் கண்ணாடியைப் பார்க்கமாட்டார்.
"அது பொய் சொல்லும்டா,
உன் கைக்குப் பொய் வராது."

பிறகு கம்பெனி கணக்குப் பார்த்தது.
கிளீனர் படி, கிளீனர் சாப்பாடு,
கிளீனர் படுக்கும் பலகை.
தோசைக்கரண்டி அளவில் இன்னொரு கண்ணாடியை மாட்டிவிட்டு
என்னை இறக்கிவிட்டது.

இப்போது நான் சைக்கிள்.
தேரடியிலிருந்து காசிமேடு ஐஸ் கம்பெனிக்கு
விடிகாலை மூன்றரைக்கு மிதிக்கிறேன்.
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் வண்டிகள்
சாலையின் பாதியைப் படுக்கையாக்கிக்கொள்ளும்.
மிச்சம் கிடப்பது
மணல், மீன் தண்ணீர், மூடி காணாமல்போன ஒரு குழி,
அப்புறம் நான்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே
ஒரு இடம் இருக்கிறது.
நிழலாக, தாராளமாக,
ஆள் நுழைந்து போகலாம் போல.
வண்டி இடப்பக்கம் திரும்பும்போது
தலை வெளியே போகும், வால் உள்ளே வரும்,
அந்த இடம் மெல்லச் சுருங்கும்.
மேலேயிருந்து பார்த்தவனுக்குத் தெரியும்.
தண்ணி கேன் போடும் டெல்லிபாபுவுக்கு
யாரும் சொல்லியிருக்கவில்லை.

ரெண்டு கேனும் உடையாமல் உருண்டன.
அதில் ஒன்றைத் திறந்துதான்
அவன் முகத்தைக் கழுவினார்கள்.
ஸ்டேஷனில் எழுதினார்கள்:
'சைக்கிள் ஓட்டி வந்தவர் கவனக்குறைவாக'
அதற்குமேல் நான் படிக்கவில்லை.

நேற்று டோல்கேட் பக்கம்
நாற்பதடி நீலப் பெட்டியொன்று
என்மேல் திரும்பத் தொடங்கியது.
இண்டிகேட்டர் இல்லை.
இடது ஜன்னலில் தலை இல்லை,
காயப்போட்ட துண்டு ஒன்று ஆடியது.
கால் தரையைத் தேடும் முன்பே
கை போய்விட்டது:
கதவில் மூணு தட்டு.
கெட்ட வார்த்தையும் பழையதேதான்.

வண்டி நின்றது.
பிரேக்கின் காற்று முழங்காலில் அடித்தது.
உள்ளேயிருந்து ஒரு குரல்,
பழக்கதோஷத்தில்:
"என்னடா அங்க?"

"சைக்கிள்ணே."

"போயிடுச்சா?"

"இன்னும் இல்ல" என்றேன்.