ஒரு தீக்குச்சி இடைவெளி

வியானா துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில்
எடை போடுவது என் வேலை.
மத்தி, அயிலை, ஈரம் சொட்டும் பேய்க்கணவாய்,
எதைப் பார்த்தும் தராசு முள் முகம் சுளித்ததில்லை.
ஒரு ஞாயிறு விடியலில், யாருமில்லாதபோது,
நானே ஏறி நின்றேன், ரப்பர் பூட்ஸோடு.
நூற்றெட்டு.
கூடை எண் போடாமல் குறித்துக்கொண்டேன்.

வாங்கிய சைக்கிளில் இருபத்துமூன்று மில்லிமீட்டர் டயர்.
விற்றவர் ஐம்பத்தெட்டு கிலோ,
வாழைப்பழத்தில் பாதியை நாளைக்கு வைக்கிற ஆள்.
பம்பின் முள் சிவப்பைத் தொடும்வரை அடித்தேன்.
கனத்த ஆளுக்குக் காற்றும் கூடுதலாக வேண்டும் என்று
எல்லோரும் சொன்னார்கள்,
என் முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தபடி.

எங்கள் ஊர்ச் சாலையோ கருங்கல் பாவியது.
லீமா ஆற்றோர ஏற்றத்தில் பல் கிட்டியது,
சுண்டுவிரல் மரத்தது.
மூன்று வாரத்தில் நான்கு பஞ்சர்,
ஒவ்வொரு முறையும் டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை,
எலி கடித்த மாதிரி.
நாலாவதை மழையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது
ஒரு டிராக்டர் நின்றது.
"என் உருளைக்கிழங்குக்கே இதைவிட நல்ல சக்கரம்."
கேலி இல்லை அது.
அவர் டயரைப் பார்த்தேன்:
தொப்பை சரிந்து, மண்ணோடு சாவகாசமாய்ப் பேசிக்கொண்டிருந்தது.

பெல்மீரோ கடையில் நுழைந்ததும் கேட்டார்:
"எத்தனை கிலோ?"
செருப்புக்கடையில் கால் அளவு கேட்பதுபோல.
நூற்றெட்டு.
"தண்ணீர்ப் புட்டியோடா?"
இல்லை.
"அதையும் சேர்க்கணும்."

முப்பத்திரண்டு முன்கவட்டையில் தாராளமாய்ப் போனது.
பின்னால் உரசியது.
முப்பது என்று அச்சடித்ததை மாட்டி, காற்றடித்து அளந்தால்
முப்பத்தொன்றே கால்.
(எங்கள் கூடத்திலும் அப்படித்தான், சீட்டில் ஒன்று, தராசில் ஒன்று.)
ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒரு தீக்குச்சியைச் செருகினார்.
சிக்கியது.
சேறு அப்பினால்?
இருபத்தெட்டுக்கு இறங்கினோம். குச்சி போய் வந்தது,
இருபுறமும், இடறாமல்.

ஆக, என் எடை அதிகம் விழும் இடத்தில் ஒல்லி,
குறைவாக விழும் இடத்தில் தடி.
நியாயமா என்றேன்.
"சட்டம் அனுமதிப்பது இவ்வளவுதான்,"
என்றார் பெல்மீரோ, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி.

திங்கட்கிழமை
பம்பைச் சிவப்புக்கு வெகு முன்னால் நிறுத்தினேன்,
பின்னால் மட்டும் கொஞ்சம் கூட.
கருங்கல் கருங்கல்லாகவே இருந்தது.
ஆனால் இந்த முறை ஒவ்வொன்றும்
கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது.
இறக்கத்தில் என் எடை என்னைத் தள்ளியது,
பிரேக்கைத் தொடவில்லை.

கூடத்தில் சட்டைப்பையைத் துழாவிய ஸெஃபெரீனோ
தீக்குச்சியைக் கண்டு நெருப்பு கேட்டான்.
இதைப் பற்றவைக்க முடியாது, என்றேன்.
இது அளவுகோல்.