கூடுதலாக ஒரு கண்ணாடி

முதல் அட்டையில் பன்னிரண்டு.
அது எல்லாருக்கும் தெரியும் என்றார் டாக்டர் ஜெஸ்லின்,
தெரியவில்லை என்கிறவன் நடிக்கிறான்.
இரண்டாவதில்
கம்பு கொட்டிக் கிடந்தது.
மூன்றாவதில் கேப்பை.
நான்காவதை வெகுநேரம் பார்த்தேன்,
தெப்பக்குளம் வற்றிய வருடத்தின் தரை மாதிரி.
எண் எங்கே என்றார்.

சிம்மக்கல்லில் பதினேழு வருடமாக மருந்துக்கடை.
எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலும் எனக்குப் பாடம்.
ஒரு சுழி, ஒரு இழுப்பு போதும்,
சர்க்கரையா சளியா என்று சொல்லிவிடுவேன்.
வெறும் புள்ளிகளை
இதுவரை யாரும் சீட்டில் எழுதி நீட்டியதில்லை.

மற்றதெல்லாம் சரி.
பிரஷர் சரி, ஈ.சி.ஜி. சரி, சிறுநீர் சரி.
முதுகைக் காட்டி நிற்கவைத்து
ஆறடி தள்ளி அவர் கிசுகிசுத்த
"அவனியாபுரம், நாற்பத்தெட்டு, தயிர்"
மூன்றையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னேன்.
தூரப் பலகையில் கண்ணாடியோடு
கடைசிக்கு முந்தின வரி வரை இறங்கினேன்.
கண்ணாடிக்குத் தடையில்லையாம்.
பறக்கும்போது இன்னொன்று கைக்கெட்டும் இடத்தில்
இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
அந்த விதி எனக்குப் பிடித்துப்போனது.
மூக்கிலிருப்பது உடையும் என்று
முன்கூட்டியே ஒத்துக்கொள்கிற சட்டத்தை
வேறெங்கும் பார்த்ததில்லை.

நிறத்துக்குத்தான் கூடுதல் ஜோடி கிடையாது.

கடை போர்டில் கூட்டல் குறி
பச்சையா சிவப்பா என்று பெயின்டர் கேட்டபோது
எல்லாரும் போடுவதைப் போடு என்றேன்.
எதைப் போட்டான் என்று
இன்றுவரை ரபீக்கிடம்கூடக் கேட்கவில்லை.
கோரிப்பாளையம் சிக்னலில்
மேலே எரிந்தால் நிற்பேன்,
கீழே எரிந்தால் போவேன்.
இத்தனை காலம் ஒரு விபத்தும் இல்லை.

நாற்பத்து மூணு வயசில் உங்களுக்கு எதுக்கு ஏரோப்ளேன்
என்று சுகிர்தா கேட்டதற்கு
நான் சொன்ன பதில் அவளுக்கு விளங்கவில்லை.
சென்னைக்குப் போன ஒருநாள் ஜன்னல் சீட்.
விமானம் எழும்பிச் சாய்ந்தது.
ஒத்தக்கடைக்கு மேலே யானைமலை,
துதிக்கை நீட்டிப் படுத்த அதே யானை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால்
யானை இல்லை.
பாறை. நீளமாக ஒரு பாறை.
எத்தனை அடியில் எழுந்து போனது?
பயணிகள் விமானம் திரும்பாது.
எனக்குத் திரும்ப வேண்டும்.
அந்த ஒரு வளைவுக்காகத்தான் ரெண்டு சீட்டு,
சேலத்தில் மணிக்கணக்காகக் கட்ட.
விண்ணப்பத்தில் இதை எழுதக் கட்டம் இல்லை.

டாக்டர் அட்டைகளை மூடினார்.
தகுதியில்லை என்று எழுதி
அதற்கு முன்னால், கொஞ்சம் யோசித்து,
தற்காலிகமாக என்று சேர்த்தார்.
பெங்களூரில் விளக்குச் சோதனை இருக்கிறது.
இருட்டறை, ஊசித்துளை வெளிச்சம்,
சிவப்பு, பச்சை, வெள்ளை.
"மேல் கீழ் எல்லாம் கிடையாது மொக்கச்சாமி,
ஒரே இடத்தில்தான் எரியும்."
சிக்னல் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அன்று ராத்திரி கடையடைத்து
பெருங்குடிப் பக்கம் ரிங் ரோட்டில் வண்டியை நிறுத்தினோம்.
ஓடுதள ஓரத்தில் வரிசையாக நாலு விளக்கு.
இறங்குகிறவனுக்கு
ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்பு தெரிந்தால்
சரிவு சரி என்று படித்திருந்தேன்.
கண்ணாடியைக் கழற்றினேன், போட்டேன், கழற்றினேன்.
நாலும் ஒன்றுபோலவே இருந்தன.
வாய் உலர்ந்துபோனது.
"ரபீக், அந்த நாலும் என்ன கலருடா?"
"நாலுமே சிவப்புண்ணே."
அப்புறம்தான் ஞாபகம் வந்தது:
தாழ நிற்கிறவனுக்கு எல்லாம் சிவப்புதான்.
சிரித்தேன். அவன் எதற்கென்று கேட்கவில்லை.

கேட்டதோடு கேட்டதாக,
"நம்ம போர்டுல அந்தக் கூட்டல் குறி?"
"அது போன மழையிலயே
வெளுத்துப்போச்சேண்ணே."

பெங்களூருக்குத் தேதி பதினாலு.
பையில் ரெண்டு கண்ணாடி எடுத்து வைத்திருக்கிறேன்.