நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நான்கு

ஷிஃப்ட் முடிந்து வந்தால்
மணி பதினொன்று இருபது.
பாகலூர் சாலை லாரிகள் ஓய்ந்து
ஓசூரின் குளிர் மொட்டைமாடியில்
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

கொடிக்கம்பியில் கட்டிய பச்சை நிழல்வலை.
மூன்று மீட்டர் முன்னால்
மிதியடி அகலத்துக்குச் செயற்கைப் புல்.
பந்துக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி
துவைக்கிற கல்லின் மேல்
டிபன்பாக்ஸ் அளவில் ரேடார்.
எட்டுத் தவணை கட்டியாயிற்று. இன்னும் நான்கு.

மட்டைகள் மூன்றும்
ஊர் திரும்பிய கொரிய மேனேஜர்
கேண்டீன் வாசலில் விட்டுப்போனவை.
ஒரு வாரம் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை.
கோல்ஃப் மைதானம் என்று நான் கண்டது
பெங்களூர் பஸ் ஜன்னலில்
மதிலுக்கு மேல் தெரிந்த மரங்களை மட்டும்.

அடிக்கிறேன்.
பந்து வலையில் முட்டித் தொப்பென்று விழுந்து
உருண்டு என் செருப்புக்கே திரும்புகிறது.
போனில் அது போய்க்கொண்டே இருக்கிறது.
வேகம் நூற்று நாற்பத்தொன்பது.
எழும்பிய கோணம் பதினேழு.
வலப்பக்கம் நான்கு மீட்டர் விலகல்.
விழுந்த இடம் நூற்று மூன்று.

மூன்றில் நின்றதை நூற்று மூன்றில் காண்கிற இதை
முதல் வாரம் ஜோசியக்காரன் என்றே நினைத்தேன்.
அப்புறம் பார்த்தால்
பகலெல்லாம் நான் செய்வதும் இதுதான்.
பிஸ்டன் பின்னை மைக்ரோமீட்டரில் பிடித்து
எட்டு மைக்ரான் கூடுதல் என்று ஒதுக்குகிறேன்,
இன்னும் ஓடாத வண்டியில்
அது போடப்போகும் சத்தத்தைக் கேட்டவள் மாதிரி.

கீழ்வீட்டு ரத்னம்மா
என்ன டப்பு டப்பு என்று தெலுங்கில் கேட்டார்.
உடற்பயிற்சி என்று தமிழில் சொன்னேன்.
வாடகை ஏறவில்லை.

ஒருமுறை நான் அடிக்காமலே
வேகம் பதினொன்று, தூரம் இரண்டு என்றது.
ஈசல்.

மாசியில் ஒரு வியாழன், ஏழாம் எண் இரும்பு.
கைக்கு எதுவும் தெரியாமல் போகிற
அந்த ஒரு அடி.
பந்து திரும்பி வரவில்லை.
வலையில் எலுமிச்சை நுழையும் ஓட்டை.
நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நான்கு என்றது போன்.
அதுவரை இல்லாத நீளம்.
சரிபார்க்க முடிகிற முதல் எண்ணும் அதுதான்.

காலையில் தேடிப்போனேன்.
நந்தீஷப்பாவின் ரோஜாக் குடிலில்
பாலிதீன் கூரை பொத்தல்,
கீழே சிவப்புப் பாத்தியில் வெள்ளையாக என் பந்து.
ஒட்டு டேப்புக்கு முந்நூற்றைம்பது கேட்டார். கொடுத்தேன்.
எங்கிருந்து என்றார். மாடியைக் காட்டினேன்.
நான் கேட்காமலே உள்ளே போய்
பாத்தி அளக்கும் ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துவந்தார்.

நேர்கோட்டில் வீடுகள் நின்றன.
அதனால் தெருவோடு கிழக்கே எண்பத்து நான்கு,
முக்கில் திரும்பித் தெற்கே ஐம்பத்திரண்டு.
நாய்க்கும் பால்காரருக்கும் ஸ்கூல் வேனுக்கும்
மறுமுனையைத் தூக்கித் தூக்கி வழிவிட்டார் அவர்.
இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால்
தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு.

பதின்மூன்று புள்ளி ஆறு மீட்டரைக் காணவில்லை.

வலையைக் கிழிக்கப் பந்து கொடுத்த விலையா,
ஏரிப்பக்கத்துக் காற்றா,
இயந்திரத்துக்கு என்மேல் இருக்கும் பிரியமா.
மாடி உயரத்தைக் கழித்தால்
கணக்கு இன்னும் மோசம்.
"கம்மிதானே போச்சு?
ஜாஸ்தி போயிருந்தா மோட்டார் மீட்டரு கண்ணாடி போயிருக்கும்"
என்றார், டேப்பைச் சுருட்டியபடி.

கம்பெனியில் இதற்கொரு படிவம் உண்டு.
எதிர்பார்த்தது, கிடைத்தது, வித்தியாசம், காரணம்.
நோட்டில் கோடு போட்டு மூன்றை நிரப்பினேன்.
நான்காவது அப்படியே கிடக்கிறது.

நைலான் நூலால் வலையைத் தைத்தேன்.
இன்றைக்குத் தொண்ணூற்றேழு. பந்து செருப்பருகில்.
தெருவிளக்கில் அந்த டேப் ஒட்டு
கூரைமேல் சதுரமாக மின்னுகிறது.
அதைக் குறிவைத்து அடிப்பதில்லை என்று சொன்னால்
பொய்.