கைப்பிரதிக் கட்டோடு திரும்பிய எஸ்கலினுக்கு

கட்டை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டாய்.
பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றாயாம்,
வாய் திறக்க வரவில்லையாம்.
ஒரே ஒருவர் வாங்கினார்,
அவரும் அதில் வேர்க்கடலையைக் கொட்டிக்கொண்டாராம்.
அழாதே.
கடலை தின்கிறவருக்குக் கைதான் வேலையாயிருக்கும்,
கண் சும்மாதானே இருக்கிறது.

எனக்கும் பேச வராது, எஸ்கலின்.
பதினோரு வருஷமாய்ப் பாசி எடுக்கிறேன்.
மரிக்கொழுந்து, கட்டக்கோரை, எது எந்தப் பாரில் கிடைக்கும்
என்று கேள், சொல்வேன்.
தண்ணீருக்கடியில் யாரும் பேசுவதில்லை.
இருப்பது ஒரு மூச்சு,
அதை வார்த்தையில் செலவழித்தால்
பை நிறையாது.

நம்புவள்ளி என் பக்கத்தில்தான் முங்குவாள்.
ஒரே வத்தை, டீசலில் சரிபங்கு.
பார் கிழித்த அவள் விரலுக்கு
என் சேலைக் கிழிசல்.
ஏழு வருஷம்
இயேசு என்ற பேரை அவளிடம் நான் எடுக்கவில்லை.
பயம்தான், வேறென்ன?
கூட்டு முறியுமோ,
"மதம் மாத்த வந்துட்டா"ன்னு கரையே சொல்லுமோ.
சபையில் கேட்டால்
"அவளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்பேன்.
அதிலும் பாதி பொய்.

அந்த வாடையில்
வடகடல் கொந்தளித்தது, தென்கடல் எண்ணெயாய்க் கிடந்தது.
வடக்கே போன அவள் புருஷன் மூன்று நாளாய் வரவில்லை.
நாலாம் நாள் அவள் தொழிலுக்கு வந்தாள்.
வீட்டிலிருந்தால் சுவர் பேசுகிறதாம்.
விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"எறங்குறதுக்கு முந்தி தெனம் என்னமோ முணுமுணுக்குறியே,
அது யாருகிட்டடி?"

எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்!
ஒன்றும் உதவிக்கு வரவில்லை.
"இயேசுகிட்ட."
"கேக்குறாரா?"
"கேக்குறாருன்னுதான் நெனைக்கிறேன்.
எங்கய்யா செத்தப்ப, கேக்கலன்னுதான் நெனச்சேன்.
பெறகும் பேசிக்கிட்டுதான் இருக்கேன்.
விட முடியல."

இவ்வளவுதான் என் சாட்சி.
வசன எண் இல்லை,
நடுவில் ஒரு தும்மல் வேறு.

அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.
"அப்ப என் வீட்டுக்காரர் பேரையும் சேத்துக்க.
சத்தமாச் சொல்லு, எனக்கும் கேக்கணும்."

கருமலையான் என்று சொன்னேன்.
வத்தையிலிருந்த நாலு பேரும் கேட்டார்கள்.
கூட்டு முறியவில்லை.

அவன் ஆறாம் நாள் வந்தான்,
எஞ்சின் பழுதாகி எங்கேயோ ஒதுங்கி, உதடு வெடித்து.
அதை என் கணக்கில் எழுதாதே.
வராமல் போயிருந்தாலும்
மறுநாளும் அந்தப் பேரைச் சொல்லியிருப்பேன்.
அவள் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்,
ஒரு மூடியை என் கையில் வைத்து
"ஒங்க சாமிக்கும் சொல்லிடு" என்றாள்.
சொன்னேன்.
இப்போதெல்லாம் இறங்குமுன்
"முடிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் முங்குகிறாள்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
தெரிய வேண்டியது நானும் இல்லை.

மனுஷரைப் பிடிப்பது என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம்
எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.
நம் வலையில் பட்ட மீன் எது பிழைத்தது?
எனக்குத் தெரிந்தது ஊற்று.
உப்புக்கடலுக்குப் பத்தடி தள்ளி
மணலைத் தோண்டினால் நல்ல தண்ணி சுரக்கிறதே, அது.
கண்டவள் குடத்தை மறைத்துக்கொண்டா வருவாள்?
கூவி விற்கவும் மாட்டாள்.
"அந்த ஒத்தப் பனைக்குக் கீழ" என்பாள்.
தாகமெடுத்தவள் நடப்பாள்,
இல்லாதவள் இன்னொரு நாள்.

ஆகவே நாளைக்கும் போ.
கட்டு வீட்டிலேயே இருக்கட்டும், இரண்டு போதும்.
பேச்சு வராவிட்டால் வராமலே நில்.
அந்த மனுஷர் திரும்ப வந்தால்
முதலில்
கடலை எப்படி இருந்தது என்று கேள்.