என் இலக்கம் 2217

பத்தொன்பது வருடமாய்
மற்றவர்களின் வயிறுகளுக்குச் சாயம் போட்ட கை இது.
இன்று ஸ்லைட்டின் ஓரத்தில் நஸ்லியா பென்சிலால்
2217 என்று எழுதியிருக்கிறாள்.
பெயர் எழுதுவதில்லை, விதி அப்படி.
ஆனாலும் அந்த ஏழைப் போட்ட விதத்தில்
ஒரு கூச்சம் தெரிந்தது.

மெழுகில் புதைத்து, நாலு மைக்ரோனில் சீவி,
கீம்சா நீலத்தில் நனைத்து, கழுவி, உலர்த்தி
எதையும் இன்னொருவரிடம் கொடுக்கவில்லை.
எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குனிந்தேன்.

இருந்தார்கள்.
சளிப்படலத்துக்குள், குழிகளின் வாயோரம்
வளைந்து வளைந்து.
வசனத்தை முடிக்கத் தெரியாத யாரோ
காற்புள்ளிகளாய்ப் போட்டுக்கொண்டே போனதுபோல.

ஆணியையும் அரிக்கிற அமிலத்துக்குள் எப்படி?
யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றி
ஒரு துளி அமோனியா மேகம் செய்துகொள்ளும்.
கன்னியாவில் சுடுகிற கிணற்றுக்கு ஒரு பாகம் தள்ளி
இன்னொன்று இளஞ்சூடாய் இருக்குமே,
அவ்வளவு பக்கத்தில் வேறு தண்ணீர்.

பிறகு ஊசி.
செல்லின் தோலில் குத்தி ஒரு புரதத்தை உள்ளே விடும்.
பக்கத்துச் செல்லைப் பிடித்திருந்த கை தளரும்.
எது மேல், எது கீழ் என்ற நினைப்புக் குழம்பும்.
காவலுக்கென்று வந்து குவியும் வெள்ளையணுக்கள்
சுட்டு விழுத்துவது பெரும்பாலும் வீட்டுக்காரரை.
விழுந்த இடத்தை நிரப்பப் புதிதாய் ஒன்று பிரியும்,
மறுபடி, மறுபடி,
நாலரை மணிக்குப் பிரதி எடுக்கும் கிளாக்கர் மாதிரி
எழுத்துப் பிழை விட்டு விட்டு.

தொண்ணூறாம் ஆண்டு. பள்ளிக்கூடத்து முகாம்.
வதனியக்காவுக்கும் எனக்கும் ஒரே அலுமினியக் கோப்பை.
பௌசர் வந்தால் அவள் முதலில் குடித்துவிட்டு
விளிம்பைச் சட்டையில் துடைத்து நீட்டுவாள்.
அங்கேதான் தொற்றியதா, தெரியாது.
அதற்கு முன்பே எங்கள் அடுப்படியில் தொற்றியிருக்கலாம்.

மகரகமவில் அவளுக்குச் சொன்னபோது வயது நாற்பத்தாறு.
கட்டி இரைப்பையின் கீழ்வாசலை அடைத்திருந்தது.
காஸ்ட்ரைட்டிஸ்தானே, யாருக்குத்தான் இல்லை என்று
அதுவரை வெள்ளைப் பாணி மருந்தைக்
கரண்டி கரண்டியாய்க் குடித்துக்கொண்டிருந்தாள்.

சுமப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவர்,
அவ்வளவுதான் என்கிறது புத்தகம்.
எங்கள் கோப்பையில் குடித்தது இரண்டே பேர்.

டாக்டர் விஜேகோன் எதிர்க் கண்ணாடியில் குனிந்தார்.
அம்புக்குறியை நகர்த்தினார். பேசவில்லை.
எனக்கும் தெரிந்தது.
இரைப்பையின் நடுவில், இருக்கக்கூடாத இடத்தில்,
கிண்ணம் ஏந்திய குடற்செல்கள்.
இங்கேயே பிறந்தவைதான்.
எரிகிற இடத்தில் இரைப்பையாய் இருந்து மாளாமல்
தம்மைக் குடல் என்று பதிந்துகொண்டிருக்கின்றன.
படிவமொன்றில் நானும் ஒருமுறை
வேறு முகவரி எழுதித் தப்பியவள்.
அவற்றைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

"கேன்சர் இல்லை, மிஸ்," பாதித் தமிழில் சொன்னார்,
"அதுக்கு முந்தினதுக்கு முந்தினது."

பதினான்கு நாள், நாலு வகைக் குளிசை.
நாக்குக் கறுக்கும், வாயில் இரும்பு கைக்கும்.
காற்புள்ளிகள் அழிந்துபோகும், அநேகமாக.
முகவரி மாற்றியவை திரும்புமா என்பதற்கு
ஒருவரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள்.
மூன்று வருடத்தில் மறுபடி குழாய் விழுங்க வேண்டும்.
அக்காவின் மகனையும் சோதிக்கக் கூட்டிவர வேண்டும்,
அவன் வயிற்றெரிவைப் பற்றிப் பகிடி விடுகிறவன்.

உட்துறைமுகத்தில் கிளிங்கர் கப்பல்
மூன்று நாளாய் இறக்கி முடியாமல் நிற்கிறதாம்,
நஸ்லியா சொன்னாள், எதையாவது சொல்ல வேண்டுமென்று.
சாயத் தட்டைக் கழுவினேன். நீலம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.
அடுத்தது 2218.
பாலையூற்றுக்காரர், வயது ஐம்பத்திரண்டு,
"சாப்பிட்டால் கொஞ்சம் எரிவு" என்று
துண்டில் எழுதியிருந்தது.