பதினான்கு குச்சிகள்

மூன்று மில்லிமீட்டர் என்று எழுதினார்கள்
என் வாயின் அகலத்தை.
ஸ்டீல் ஸ்கேலை மறுபடி பல்லோரம் நிறுத்திப் பார்த்து
அடித்துத் திருத்தினார்கள்:
இரண்டரை.

நாலு வயதில்
திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு மாடிப்படியில்
மோவாய் குத்தி விழுந்தேனாம்.
ரத்தம் நின்றதும் அழுகையும் நின்றது.
ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான்.
காதுக்கு முன்னால், உள்ளே,
கீல் நொறுங்கிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.
நொறுங்கியது கூடியது
கூடியது இறுகியது
தாடையும் மண்டையும் ஒரே எலும்பாயின.
நான் வளர்ந்தேன்
மோவாய் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு பல்லைப் பிடுங்கிய சந்து
அதுதான் சாப்பாட்டு வாசல்.
இட்லியை மோரில் கரைப்பேன்
சாம்பாரை வடிகட்டுவேன்.
வடை எனக்கு வெறும் வாசனை.

பெண் பார்க்க வந்த மாதவரத்துக்காரர்கள்
"வாயே தொறக்காத பொண்ணு" என்று
மெச்சிக்கொண்டார்கள்.
காபிக்குப் பிறகு விஷயம் தெரிந்து
அவர்களும் வாய் திறக்கவில்லை.

பிராட்வேயில் முனவ்வர் பாயின் ஜெராக்ஸ் கடை.
எத்தனை காப்பி, ரெண்டு பக்கமுமா என்று
பல்லைக் கடித்தபடியே கேட்பேன்.
வக்கீல்களிடம் எனக்குக்
கோபக்காரி என்று பேர்.

அங்கேதான் டாக்டர் ஷமீம் வந்தார்,
பாஸ்போர்ட்டை நகலெடுக்க.
முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறவர்களை
எனக்குத் தெரியும்.
இவர் காதோரத்தைப் பார்த்தார்.
"எவ்ளோ தொறக்கும்?"
கேட்டது அவ்வளவுதான்.
சில்லறையை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

வாய் வழியே குழாய் போகாது.
விழித்திருக்கும்போதே மூக்கு வழியே இறக்கினார்கள்.
அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றி
எழுத மாட்டேன்.
மயக்க டாக்டர் ஜோதிலிங்கம் எண்ணச் சொன்னார்.
மனசுக்குள் காப்பி எண்ணுவது போல எண்ணினேன்.
ஏழாம் பக்கத்தில்
மெஷின் நின்றது.

ஒட்டிய எலும்பை விரலகலம் அறுத்தெடுத்து
திரும்ப ஒட்டாதிருக்க
நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு மடிப்பை இறக்கி
நடுவில் மெத்தை போட்டார்களாம்.
மேஜையில் முப்பத்தைந்து.
மறுநாள் வீக்கத்தில் பதினெட்டு.

"இனிமே என் வேலை இல்ல, ஒன் வேலை.
ஒரு நாள் விட்டாலும் ஒட்டப் பாக்கும்.
எலும்புக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

பாரிமுனையில் வாங்கிய ஐஸ்குச்சிக் கட்டு.
பல்லுக்கு நடுவே ஒன்பது அடுக்கி
பத்தாவதை நடுவில் செருக வேண்டும்.
செருகினால் கண்ணில் நீர்
செருகாவிட்டால் பழைய கதவு.
எதிர்க் கட்டிலில் பிரியதர்சன்,
நீண்டிருந்த கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளியவன்,
பல்லில் ரப்பர்பேண்டு மாட்டியபடி
போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்க்கிறான்.
அது அவனை
யாரென்று கேட்கிறது.

பதினொன்று. பன்னிரண்டு.
ஒரு வாரம் பன்னிரண்டிலேயே.
பிறகு பத்து.
ஸ்கேலை ஒளித்துவைத்தேன்.
ஒரு நாள், கதவைத் தாழிட்டு,
கண்ணாடி முன்னால் "ஆ" என்றேன்.
எழுத்திலேயே இரண்டாவது,
எனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது.
உள்நாக்கு என்று ஒன்று தொங்குவதை
அன்றுதான் பார்த்தேன்.
இது இத்தனை நாளும்
உள்ளேயே ஆடிக்கொண்டிருந்ததா?

எல்லாம் சரியாகிவிடவில்லை.
இடது புருவம் இன்னும் ஏறவில்லை,
நரம்பு தூங்குகிறதாம்.
மோவாய்க்குத் தனியாக ஒரு ஆபரேஷன் பாக்கி.
பாயிடம் அட்வான்ஸ் கேட்க வேண்டும்.

நேற்று கும்மிடிப்பூண்டி வண்டி
கொருக்குப்பேட்டையில் வழக்கம்போல் சிக்னலுக்கு நின்றது.
காலையில் பதினான்கு குச்சி.
எதிர் சீட்டில் மீன்கூடைக்காரம்மா
கையால் மறைக்காமல்
ஒரு கொட்டாவி விட்டார்.

இத்தனை வருடம் கொட்டாவி எனக்கு
மூக்கிலும் காதிலும் முட்டிச் செத்துப்போகும்.
இது தொண்டையிலிருந்து கிளம்பி
மேலே வந்து
கதவு இல்லாத இடத்தில் தடுமாறி
திறந்தது,
திறந்துகொண்டே போனது,
காதோரம் சுரீரென்று,
கண்ணில் நீர்,
ரயிலின் இரும்பு வாசனையும் நெத்திலி வாசனையும்
உள்ளே ஓடி வர.

மூடிக்கொண்டு பார்த்தால்
ஜன்னலோரத்துப் போலீஸ்காரர்
என்னைப் பார்த்தபடியே
கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.
அவருக்குப் பக்கத்தில்
டிபன்பாக்ஸ் வைத்திருந்த பையன்.
அவனுக்கு அடுத்து ஒருவர்.

சிக்னல் விழுந்தது.