பதினைந்து மூடு

காகிதத்தை முதலில் பிரிட்ஜில் ஒட்டினேன்.
கண்ணாடி போடாமல் புஷ்பபாய் மைனிக்குச் சின்ன எழுத்து ஓடாது.
காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில்
பெரிதாக மறுபடியும் எழுதினேன்.

நாளை இவருக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன்.
இரண்டு ராத்திரி.
ஜெம்சி பக்கத்து வீட்டில்.

வேதமணி அண்ணன் வெட்டுக்கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு
பரீட்சைக்கு வந்த பையனைப்போல உட்கார்ந்தார்.
மைனி கேட்டாள்:
'சாவிக்கொத்து எங்க கிடக்கும்?'
இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்பது
கடையாலுமூட்டில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

கையில ஒண்ணும் குடுக்கண்டாம் மைனி.
வாயில ஒண்ணும் வைக்கண்டாம், தண்ணிகூட.
அமுக்கிப் பிடிக்கண்டாம்.
ஒருக்களிச்சுக் கிடத்துங்க, எச்சில் அது பாட்டுக்கு வழியட்டும்.
பிறகு மணி பாருங்க.

'மணியா?' என்றார் அண்ணன்.
பிள்ளை துடிக்கும்போது கடிகாரம் பார்க்கிறவன்
என்ன மனுஷன் என்று கேட்டது அவர் முகம்.
முதல் தடவை நானும் பார்க்கவில்லை.
அரைமணி நேரம் என்று டாக்டரிடம் சொன்னேன்.
டிவியில் ஒரு விளம்பரம் முடியவில்லை என்றார் இவர்.

'அண்ணே, அஞ்சு நிமிஷத்துல எத்தனை ரப்பர் மூடு வெட்டுவிய?'
கண்ணை மூடினார்.
வலது கை காற்றில் ஒரு பட்டையைச் சரித்துச் சீவியது,
அடுத்ததற்கு நகர்ந்தது.
'நெரப்பான எடம்னா பதினஞ்சு.'

பதினஞ்சாவது மூட்டிலயும் நிக்கலைன்னா
இந்த மருந்து, மூக்கில.
டாக்டர் எழுதின அளவு பெட்டிமேலயே இருக்கு.
கையோட நூத்தியெட்டு.
ஆனா போன்ல மணியும் பாருங்க அண்ணே,
பயந்தா கை வேகமா வெட்டும்.

நூத்தியெட்டுக்காரனிடம் என்ன சொல்வீங்க?
மைனி சொல்லிப் பார்த்தாள்:
'எங்க வீட்டுக்கு ஓடி வாங்க.'
அவளுக்கே சிரிப்பு.
மறுபடி சொன்னாள்: 'ஜங்ஷன் தாண்டி, ஷீட்டு புகைக்கிற கூடு,
எதிர்ல ஏத்தம், மேல சர்ச்சு தெரியும்.
அங்க ஒரு ஆளு லைட்டு காட்டிட்டு நிப்பாரு.'
ஆளு யாரு?
வெட்டு விளக்கை நெற்றியில் கட்டிக் காட்டினார் அண்ணன்.
பட்டப்பகலில் அது எரிந்தது.

ஒத்திகைக்குத் தலையணை எடுக்கப் போனேன்.
'நான் படுக்கியேன்' என்று ஜெம்சி பாயில் விழுந்தாள்.
ஆறு வயசு. எதிலும் முதல் பரிசு வேண்டும்.
கையை வெட்டினாள், காலை உதைத்தாள்,
கண்ணைச் சொருகியவள்
நடுவில் ஒருதரம் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டாள்.
மைனி ஒருக்களித்துப் பிடித்தாள்.
அண்ணன் எண்ணத் தொடங்கினார்.
ஏழாவது மூட்டில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

'எனக்கு இப்படியா வரும்?'

நாங்கள் எல்லோரும் பார்த்ததை
இவள் ஒருத்தி பார்த்ததே இல்லை.
ஒவ்வொரு தடவையும் எங்கேயோ போய்விட்டு
அழுத முகங்களுக்கு நடுவில் விழித்து
பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

'இவ்வளவு அழகா வராது' என்றேன்.
கொஞ்ச நேரம் பாயைப் பிய்த்தாள்.
பிறகு அண்ணனிடம் திரும்பி,
'மாமா கள்ள எண்ணம் எண்ணப்பிடாது' என்றாள்.

*

வார்டுக்கு வெளியே நீல நாற்காலி.
உள்ளே இவருக்கு மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது.
மணி மூன்று. அண்ணன் விளக்கு கட்டுகிற நேரம்.
ஆனால் இன்று வெட்டப் போகமாட்டார்,
பால் ரெண்டு நாள் மரத்திலேயே கிடக்கட்டும் என்று
சொல்லி அனுப்பியிருந்தார்.
கூலியைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு போன் அடித்தது.
பையில் கைவிட்டு அதை எடுப்பதற்குள்
மூன்று மூடு எண்ணிவிட்டேன்.

'எம்மா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல,'
மைனிக்கு மூச்சு வாங்கியது.
'மட்டிப்பழம் புட்டுல பெசஞ்சு குடுக்கணுமா, தனியாவா?
பேப்பர்ல இல்லியே.'